இரண்டு தொடக்கப் பள்ளிகளை இணைக்கப் போகிறார்களாம்: நடக்க வேண்டியது யாருடைய பிள்ளைகள்?

கேட்பவர்: கிழக்குக் குடியிருப்புத் தாய்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கிறேன். என் மகள் அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஊரின் பெயரைச் சொன்னால் பேச்சு ஆட்களைப் பற்றியதாகப் போய்விடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

எங்கள் ஊராட்சியில் இரண்டு தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று ஊர்த்தெருவில், அங்கே 43 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும். மற்றொன்று ரயில் பாதைக்குக் கிழக்கே, எங்கள் குடியிருப்பில். இங்கே 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் எங்கள் பள்ளியை ஊர்த்தெருப் பள்ளியோடு இணைக்கும் எண்ணம் இருப்பதாகச் சென்ற மாதம் அலுவலர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் இதுவரை எதுவும் வரவில்லை. ஆனால் ஊரில் அன்றைக்கே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது.

இரண்டு பள்ளிகளுக்கும் இடையே 1.4 கிலோமீட்டர். காலை எட்டரை மணிக்கு என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நானே ஒருநாள் நடந்து பார்த்தேன். விழுப்புரம் – மயிலாடுதுறைப் பாதையின் கேட் அடைத்திருந்தது. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பெரிய வகுப்புப் பையன்கள் நான்கு பேர் புத்தகப்பையை முன்னால் தள்ளிவிட்டுக் கம்பிக்கு அடியில் குனிந்து போனார்கள். என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கேட்க நினைத்தது எனக்குப் புரிந்தது. கேட்டைக் கடந்த பிறகு நான்குவழிச் சாலை. அதைத் தாண்ட இடைவெளி கிடைக்கும்வரை நின்றோம். பள்ளி வாசலுக்குப் போய்ச் சேர 34 நிமிடங்கள் ஆயின. மழைக்காலத்தில் வாய்க்கால் நிரம்பினால் எங்கள் மண்பாதை முழங்கால் அளவுக்கு மூழ்கிவிடும்.

செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் உயிரிழந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் குடியிருப்பில் எந்தத் தாயும் பாதையைத் தாண்டிப் பிள்ளையைத் தனியாக அனுப்புவதில்லை.

இது ஒரு பக்கம். ஊர்த்தெருப் பெற்றோர் சிலரும் “பிள்ளைகளின் பாதுகாப்பு” என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது வேறு. எங்கள் பிள்ளைகள் வந்தால் சண்டை வரும், பேச்சு கெடும் என்கிறார்கள். இரண்டு குடும்பங்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போய்விடுவதாகவே சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்திலோ, அங்கே போனால் நம் பிள்ளைகளைத்தான் வகுப்பறையைப் பெருக்கச் சொல்வார்கள், கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள் என்று பாட்டிமார்கள் கலங்குகிறார்கள். அவர்கள் கண்டதை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

என் மனம் இரண்டாகக் கிடக்கிறது. என் மூத்த மகன் ஆறாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் ஊர்த்தெருப் பையனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தான். அதற்குள் அவனுக்குப் பதினொரு வயது, கூச்சம் மனத்தில் ஊறிவிட்டது. என் மகளுக்கு அப்படி ஆகக் கூடாது. பிள்ளைகள் ஐந்து வயதிலேயே ஒன்றாக உட்கார வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதற்காக என் குடியிருப்பின் 19 பிள்ளைகளும் நாள்தோறும் இரண்டு முறை தண்டவாளத்தைத் தாண்ட வேண்டுமா? சட்டம் எங்கள் பக்கம் நிற்குமா? எதிர்த்தால் “அவர்களே சேர விரும்பவில்லை” என்று எங்கள் மீதே பழி வருமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: மஞ்சக்குப்பம் ஓய்வாசிரியர்

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வட்டாரக் கல்வி அலுவலகத்தோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் என்ற முறையில் சட்டத்தை மட்டும் முதலில் சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு நடந்து போகும் தூரமாக ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டுவரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் தூரம் 1.4 கிலோமீட்டர் என்றால் அந்த வரம்பை ஏற்கெனவே தாண்டிவிட்டது. அதைவிட முக்கியமான ஒன்று மத்திய அரசின் மாதிரி விதிகளில் இருக்கிறது. அதைப் பலர் படிப்பதே இல்லை. வெள்ளம், சாலை இன்மை, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து ஆகியவை உள்ள இடங்களில், அந்த ஆபத்தைத் தவிர்க்கும்படி தூர வரம்பை இன்னும் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும் என்கிறது அது. ரயில் பாதை, நான்குவழிச் சாலை, மூழ்கும் மண்பாதை மூன்றும் உங்கள் வழியில் இருக்கின்றன. ஆகவே தூரத்தை மட்டும் எழுதாமல், வழியை எழுதுங்கள்.

இணைப்பை ஏன் நினைக்கிறார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள். உங்கள் 19ஐயும் அவர்களுடைய 43ஐயும் கூட்டினால் 62. அதாவது இன்றைக்கு நான்கு ஆசிரியர்கள் பார்க்கும் வேலைக்கு நாளை மூன்று பேர் போதும் என்று கோப்பில் எழுதலாம். அதே சமயம், ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இருவரே தாங்குவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போனால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு திண்டாடுவார். மூவர் இருக்கும் பள்ளியில் படிப்பு சற்றே மேம்படும் என்பது பொய்யன்று. ஆகவே “இணைப்பே கூடாது” என்று எழுதாதீர்கள். எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் இணையலாம் என்று எழுதுங்கள். பழி உங்கள் மீது வராமல் இருக்க அதுதான் வழி.

மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும், பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுவே என்பதும் சட்டத்தில் உள்ளவை. குழுவில் தீர்மானம் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதன் நகலோடு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். அடுத்த கிராம சபையிலும் வையுங்கள். வாய்மொழிக்கு வாய்மொழியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஒருநாள் ஆணை கையில் வந்து நிற்கும்.

பதில் 2: வடக்குத்தெரு

நான் வேறொரு வட்டாரத்தில், ஊர்த்தெரு என்று நீங்கள் சொல்லும் பக்கத்தில் இருப்பவன். என் கருத்து சிலருக்குக் கசக்கலாம். ஆனாலும் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். இணைப்புக்குத் தயங்கும் பெற்றோர் அனைவரையும் சாதி பார்ப்பவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என் மகள் படித்த பள்ளியில் இப்படித்தான் திடீரென்று சேர்த்தார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை, இரண்டே கழிப்பறைகள், மதிய உணவுக்கு வராந்தாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தள்ளுமுள்ளு வந்தது. அந்தத் தள்ளுமுள்ளுக்குப் பெரியவர்கள் சாதிப் பெயர் வைத்தார்கள். இடமும் ஆளும் இல்லாமல் பிள்ளைகளை ஒன்றாகத் திணித்தால் ஒற்றுமை வளராது, மனக்கசப்புதான் வளரும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரச்சினை கழிப்பறைதான் என்றால், கழிப்பறை கட்டிக் கொடுங்கள் என்று நாங்கள் மனுக் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. எங்களில் ஏழெட்டுப் பேர் வேன் வைத்துப் பிள்ளைகளை வெளியே அனுப்பினோம். நானும் அவர்களில் ஒருவன். அந்த முடிவை நினைத்து இன்று வருந்துகிறேன்.

பதில் 3: பாகூர்ப் பக்கம்

எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். கன்னியக்கோயில், முள்ளோடைப் பகுதியில் கடலூர் மாவட்டமும் புதுச்சேரியும் கைகோத்துக் கிடக்கின்றன. வயலுக்கு இந்தப் பக்கம் ஓர் அரசு, அந்தப் பக்கம் வேறோர் அரசு. இங்கே புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, அங்கே தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். வீட்டுக்கு அருகில் இருக்கும் பள்ளி எல்லைக்கு அப்பால் இருந்தால், அருகில் என்பதற்கே பொருள் இல்லாமல் போய்விடுகிறது. அலுவலகத்து வரைபடத்தில் கோடு போடுகிறவருக்கு வாய்க்கால் தெரியும், அதில் எந்த மாதம் தண்ணீர் வரும் என்பது தெரியாது. ஓய்வாசிரியர் ஐயா சொன்னதுபோல் வழியை எழுதுங்கள். முடிந்தால் அலுவலரை அதே நேரத்தில் அதே வழியில் நடக்க அழையுங்கள்.

பதில் 4: கெடிலக்கரை ஆசிரியை

சகோதரி, நான் பதினாறு ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. சாலையைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பாட்டிமார்களின் கலக்கம் அங்கேதான் இருக்கிறது.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் சாதி வெறியால் உடன் படித்தவர்களாலேயே வீட்டில் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழ்நாடு அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்தல் எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. கயிற்றைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசினார்கள். எனக்கு அதில் பட்டது வேறு: ஒரே கட்டடத்தில் ஒன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு இடையே அது நடந்தது. ஒரே கூரையின் கீழ் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நாங்குநேரியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் பள்ளியில் நான் செய்வது சிறிய காரியம்தான். திங்கள்தோறும் இருக்கை மாறும். பெயர் அகர வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வாரமும் ஓரிடம் நகரும். யாரும் “என் இடம்” என்று சொல்ல முடியாது. தண்ணீர்ப் பானைக்கு ஒரே குவளை. கரும்பலகையைத் துடைப்பதும் காலை உணவுத் தட்டுகளை எடுத்து வைப்பதும் பட்டியல்படி. அந்தப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும், பெற்றோர் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். முதல் ஆண்டு ஒரு சிறுமி தன் தட்டை மட்டும் தனியாகத் துணிப்பையில் வீட்டிலிருந்து கொண்டு வந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் தட்டு எடுத்து வைக்கும் முறை அவளுக்கு வந்தது. 38 தட்டுகளையும் அவளே அடுக்கினாள். மறுநாள் துணிப்பை வரவில்லை.

ஆகவே நிபந்தனை எழுதும்போது வேனோடு நிறுத்தாதீர்கள். இருக்கை முறை, பணிப் பட்டியல், பெருக்குவதற்குத் தனி ஆள் ஆகியவற்றையும் எழுதுங்கள். இணைந்த பள்ளியின் மேலாண்மைக் குழுவில் குடியிருப்புப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்பதையும் சேருங்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

பதில் 5: முத்தியால்பேட்டையிலிருந்து மேரிலாந்துக்கு

நான் புதுச்சேரியில் பிறந்து, இப்போது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வசிக்கிறேன். அங்கத்திய நிலைமையை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் “நடக்க வேண்டியது யாருடைய பிள்ளைகள்” என்று நீங்கள் தலைப்பில் கேட்ட கேள்வி எனக்கு நன்றாகப் பழக்கமானது.

அங்கே வீடு இருக்கும் பகுதியை வைத்துத்தான் அரசுப் பள்ளி முடிவாகும். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறொரு பள்ளி. 2019இல் மேரிலாந்தின் ஹவர்டு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இந்த எல்லைக் கோடுகளை மாற்ற முனைந்தார்கள். சில பள்ளிகளில் இடம் போதவில்லை, சிலவற்றில் அறைகள் காலியாகக் கிடந்தன என்பது ஒரு காரணம். உணவுச் சலுகை பெறும் ஏழைப் பிள்ளைகள் சில பள்ளிகளிலேயே குவிந்திருந்தார்கள் என்பது மற்றொரு காரணம். 7,000க்கும் மேற்பட்ட மாணவர்களை மாற்றும் திட்டம் முதலில் வந்தது. பல மாதக் கொந்தளிப்புக்குப் பிறகு 5,000க்கும் மேற்பட்டவர்களை மாற்றும் முடிவு நவம்பரில் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் தூரம், போக்குவரத்து நெரிசல், பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகியவையும் இருந்தன. அவற்றில் உண்மையும் இருந்தது, ஏழைப் பிள்ளைகளோடு சேரத் தயங்கிய மனமும் கலந்திருந்தது. எது எவ்வளவு என்று பிரிப்பது எளிதாக இல்லை.

இதற்கு முந்திய வரலாறு இன்னும் கசப்பானது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு தென் மாநிலங்களில் பள்ளிகளை இணைத்தபோது பெரும்பாலும் மூடப்பட்டவை கறுப்பினப் பள்ளிகள். வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள். பேருந்தில் நெடுந்தூரம் போனவர்களும் பல இடங்களில் கறுப்பினப் பிள்ளைகளே. 1974இல் பாஸ்டன் நகரில் பேருந்து வழியாகப் பிள்ளைகளைக் கலக்கும் ஆணை வந்தபோது, கறுப்பினப் பிள்ளைகள் வந்த பேருந்துகள் மீது கல்லெறிந்தார்கள். சேர்வதால் கிடைக்கும் நன்மை இரு தரப்புக்கும் என்றார்கள்; அதற்கான சிரமத்தை ஒரு தரப்பே சுமந்தது. உங்கள் பள்ளியை மூடி உங்கள் பிள்ளைகளை நடக்கச் சொல்லும்போது நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

ஒரு மாற்று வழியையும் சொல்கிறேன். நியூஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் ஊரில் 1948இல் வெள்ளையர் பள்ளியையும் கறுப்பினப் பள்ளியையும் இணைத்தபோது ஒன்றை மூடி மற்றதில் திணிக்கவில்லை. ஒரு கட்டடத்தில் கீழ் வகுப்புகள் எல்லாவற்றையும், மற்றொன்றில் மேல் வகுப்புகள் எல்லாவற்றையும் வைத்தார்கள். அதனால் இரு பக்கத்துப் பிள்ளைகளும் சில ஆண்டுகள் அடுத்த பக்கத்துக்கு நடந்தார்கள். இரண்டு கட்டடமும் நிலைத்தன.

பதில் 6: மஞ்சக்குப்பம் ஓய்வாசிரியர்

மேரிலாந்து நண்பர் சொன்னதை நம் நிலைமைக்கு எப்படிப் பொருத்தலாம் என்று யோசித்தேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை 2022இல் தொடங்கியபோதே அந்த மூன்று வகுப்புகளையும் ஒரு தொகுதியாகக் கருதிவிட்டார்கள். ஆகவே 1 முதல் 3 வரை ஒரு கட்டடம், 4, 5 மற்றொரு கட்டடம் என்று கேட்பது விபரீதமான கோரிக்கை ஆகாது. ஆனால் சின்னஞ்சிறு பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் நம் அடிப்படை. எந்தப் பக்கத்தில் கீழ் வகுப்புகளை வைத்தாலும் ஒரு பக்கத்து ஐந்து வயதுப் பிள்ளை தாண்டியே ஆக வேண்டும். எனவே 1 முதல் 3 வரை இரு பள்ளிகளிலும் இப்போதுபோலவே இருக்கட்டும். 4, 5 வகுப்புகள் மட்டும் ஓரிடத்தில் சேரட்டும். அவர்களுக்கு வண்டியும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். பள்ளி இல்லாத தொலைதூரக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் போக்குவரத்து, வழித்துணை உதவி உண்டு, அதைக் கேளுங்கள்.

இன்னொன்று. கடலூரில் பள்ளிக் கட்டடம் என்பது பள்ளி மட்டும் ஆகாது. 2015 நவம்பர் வெள்ளத்திலும் 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் மக்கள் எங்கே போய் ஒதுங்கினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் குடியிருப்பில் கான்கிரீட் கூரையோடு மேடான இடத்தில் இருக்கும் ஒரே பொதுக் கட்டடம் அந்தப் பள்ளி என்றால், அதையும் மனுவில் எழுதுங்கள்.

கேட்பவர்: கிழக்குக் குடியிருப்புத் தாய்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இடையில் நடந்தவற்றைச் சொல்கிறேன்.

குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுதிவிட்டோம். “இணைப்பை எதிர்க்கிறோம்” என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஐயா சொன்னபடி 4, 5 வகுப்புகளைச் சேர்ப்பதற்கு வண்டி, வழித்துணை, இருக்கை முறை, பணிப் பட்டியல், குழுவில் இடம் ஆகியவற்றை நிபந்தனைகளாக எழுதினோம். ஆம் ஐயா, வெள்ளத்தின்போது நாங்கள் ஒதுங்கிய இடம் எங்கள் பள்ளிதான். அதற்கெனத் தனிப் பத்தி சேர்த்திருக்கிறோம். வடக்குத்தெரு நண்பரே, நீங்கள் எழுதியதை எங்கள் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். இரண்டு பள்ளிகளிலும் கழிப்பறை எத்தனை, அறை எத்தனை என்று எண்ணி எழுதியது அதனால்தான்.

ஆசிரியை அக்கா சொன்ன தட்டுக் கதையைக் கேட்டு எங்கள் பாட்டி ஒருவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த டீச்சர் இங்கே வந்தால் என் பேத்தியை நான் அனுப்புவேன்” என்றார்.

நேற்று மாலை ஊர்த்தெருவிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் நான்காம் வகுப்பு. வேனுக்கு மாதாமாதம் கட்டப் பணமில்லை, மாற்றுச் சான்றிதழ் வாங்கும் எண்ணமும் இல்லை, ஆனால் தெருவில் மற்றவர்கள் பேசுவதைத் தாங்க முடியவில்லை என்றார். தீர்மானத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, கழிப்பறை பற்றிய வரியின் கீழ் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். வரும் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போகிறோம். அலுவலரை எங்களோடு நடந்து பார்க்கச் சொல்லியும் கடிதம் கொடுத்திருக்கிறோம். காலை எட்டரைக்கு, கேட் அடைக்கும் நேரத்தில்.